ஏழு வருட ஓட்டமும் ஒரு பூச்சியமும்

இந்த நாட்டில் பழைய வாடிக்கையாளராக இருப்பது ஒரு குற்றம். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். அங்கே ஒரே கடையில் பத்து வருடம் சாமான் வாங்கினால், கடைக்காரர் சீனியை நிறுத்த பிறகு மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார். வீட்டுக் கலியாணத்துக்கு வருவார், செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வருவார். இங்கே கார் இன்சூரன்ஸ் கொம்பனிக்கு வருடாவருடம் ஒழுங்காகக் கட்டி, ஒரு கீறல்கூட விழாமல் ஓடி, அவர்களிடம் ஒரு சதமும் கேட்காமல் இருந்தால், அடுத்த வருடம் கட்டணத்தைக் கூட்டி, கூடவே நன்றியும் சொல்லிக் கடிதம் போடுகிறார்கள். அதே கொம்பனி, முன்பின் தெரியாத ஒருவனைக் குறைந்த விலை சொல்லித் தொலைக்காட்சியில் பாட்டுப் பாடிக் கூப்பிடுகிறது. பழகியவனுக்குத் தண்டம், வழியில் போகிறவனுக்கு மாலை. இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பிடிபடவில்லை.

இந்த 2009 ஐப்பசியில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உள்ள எங்கள் வீட்டுக்கும் அந்த நன்றிக் கடிதம் வந்தது. என் கணவர் அதை மூக்குக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, வழக்கம்போல அப்படியே புதுப்பித்துவிடுவோம் என்றார். கொம்பனியை மாற்றினால் குறையும் என்று நான் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இவ்வளவு காலமும் இவங்களோடைதானே இருந்தனாங்கள். நாலு காசுக்காக விட்டிட்டுப் போறது வடிவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு படிச்சனாங்கள் எல்லே?"

"அவங்கள் எங்களுக்கு எப்ப உப்புப் போட்டவங்கள்? நாங்கள்தான் அவங்களுக்கு வருஷாவருஷம் போட்டுக்கொண்டிருக்கிறம்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே, "சரி, உம்மடை விருப்பம், கேட்டுப் பாரும்," என்று வேலைக்குப் போனார். வெம்பிளியில் உள்ள ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் அவருக்கு வேலை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார்.

கார் வைத்திருப்பவர் ஏன் பஸ்ஸில் போகிறார் என்று கேட்பீர்கள். லண்டனுக்கு வருமுன் நாங்கள் டென்மார்க்கில் இருந்தோம். அங்கே வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாக ஓடும். அவர் அங்கேதான் கார் பழகினார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், கோயிலும் சொந்தபந்தமும் கிட்ட இருக்கட்டும் என்று இங்கே வந்து, பழைய நீலக் கார் ஒன்று வாங்கினோம். வெம்பிளியில் மளிகைக்கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இன்சூரன்ஸ் செய்து கொடுக்கும் "எங்கட ஆள்" ஒருவர் இருந்தார். அப்போது லைசென்ஸ் வைத்திருந்தது என் கணவர் மட்டும்தான். அதனால் காப்புறுதியை அவர் பேரில் எழுதினோம். ஆனால் வலப்பக்கம் ஊறிய கை இடப்பக்கத்துக்கு வளைய மாட்டேன் என்றது. முதல் கிழமையே ஹரோவில் ஒரு ரவுண்டபவுட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வெளிக்கிட்டு, நாலு பக்கமும் ஹோர்ன் அடிக்க, நடு வீதியில் காரை நிறுத்திவிட்டு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து கார்த் திறப்பை என் கையில் தந்தவர்தான், பிறகு திருப்பிக் கேட்கவேயில்லை.

நான் அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்தேன். எனக்கு மறப்பதற்கு வலப்பக்கம் ஒன்று இருக்கவில்லை. மூன்றாம் தரம் சோதனை பாஸ் பண்ணியதும் எங்கட ஆளிடம் போனோம். "அக்காவை மேலதிக டிரைவரா சேர்த்துவிடுறன். மற்றது அண்ணையின்ரை பேரிலையே கிடக்கட்டும். அதுதானே மரியாதை," என்றார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எடுத்தால் முதலில் வீட்டுக்காரரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தானே எங்களுக்குப் பழக்கம்? காருக்கும் அப்படியே நடந்துவிட்டது.

இனி நான் புதுக் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்த கதைக்கு வருகிறேன். எடுத்தது ஒரு இளம் பெண். மெயின் டிரைவர் யார் என்று கேட்டாள். கணவர் என்று யோசிக்காமல் சொன்னேன். வீட்டில் மெயின் யார் என்பதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வியா? பிறகு, அவர் கிழமைக்கு எத்தனை நாள் கார் ஓடுவார் என்று கேட்டாள். ஓட மாட்டார் என்றேன். அவருக்கு ஏதும் சுகயீனமா என்று மெல்லக் கேட்டாள். இல்லை, நல்ல சுகம், அவர் பக்கத்தில் இருப்பார் என்றேன். அப்படியானால் மெயின் டிரைவர் நீங்கள்தான் என்று அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். யார் அதிகம் ஓடுகிறாரோ அவர்தானாம் மெயின். இதை மாற்றிச் சொல்லியிருந்தால், விபத்து நடக்கும் நாளில் கொம்பனி பணம் தர மறுக்கலாமாம்.

பிறகுதான் பெரிய இடி. விபத்துக் காசு கேட்காமல் ஓடிய ஒவ்வொரு வருடத்துக்கும் இங்கே கட்டணத்தில் கழிவு உண்டு. நோ க்ளெய்ம்ஸ் என்பார்கள். எனக்கு ஏழு வருடம் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த வருடங்கள் எல்லாம் பொலிசி யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சொந்தம் என்றாள். உங்களுக்கு என்று இருப்பது பூச்சியம், மேடம். உங்கள் பேரில் எடுத்தால் நேற்றுப் பாஸ் பண்ணிய பிள்ளையைப் போல முதலில் இருந்து தொடங்க வேண்டும், விலையும் கூடும்.

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பூச்சியமா? சனிக்கிழமை தோறும் தெருவில் உள்ள பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியது யார்? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று நோக்காடு கண்டபோது, ஒரு சிவப்பு விளக்கையும் தாண்டாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தது யார்? இந்த வருடம் வசந்த காலத்தில் எங்கள் சனம், இலங்கையில் சண்டையை நிறுத்தச் சொல்லி, பாராளுமன்றத்துக்கு முன்னால் இரவு பகலாக நின்றது. நின்று களைத்துத் திரும்பும் பெண்களை ஸ்டேஷனில் ஏற்றி ஒவ்வொருவராக வீட்டில் இறக்கிவிடுவேன். காருக்குள் ஒருவரும் பேச மாட்டார்கள். ஒருத்தி மட்டும் இறங்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போவாள். இவ்வளவும் ஓடியவளுக்கு இந்த நாட்டின் கணக்கில் ஒரு நாள்கூட இல்லை.

மாலையில் கணவர் வந்ததும் சொன்னேன். "பேரிலை என்னப்பா கிடக்கு? ஆற்ரை பேரெண்டாலும் ஒரு வீட்டுக்குத்தானே," என்றார். நியாயமான பேச்சுத்தான். அவர் பேரில் புதுப்பித்தால் விலையும் குறைவு, வழக்கமும் மாறாது. நான் சாப்பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை அவராகவே பழைய கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஏதோ கூட்டத்தில் பேசப் போகிறவரைப் போல எழுந்து நின்றார்.

"மேடம், மை வைஃப் டிரைவிங். ஓல்வேய்ஸ் மை வைஃப். ஐ ஒன்லி சிற்."

அந்தப் பக்கம் விளங்கவில்லை. இவர் உதாரணம் சொல்ல வெளிக்கிட்டார். மாசியில் பெரிய ஸ்னோ கொட்டி லண்டன் பஸ்கள் எல்லாம் நின்றுபோன நாளில், நான் நத்தையைப் போல ஊர்ந்து வெம்பிளிக்குப் போய் அவரைக் கூட்டி வந்தேன். "பிக் ஸ்னோ. நோ பஸ். ஷி கம் வித் த கார்..." என்று தொடங்க, அந்தப் பெண்ணின் குரல் பதறியது. பனியில் விபத்து நடந்ததைச் சொல்லத்தான் எடுத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். யாருக்கும் காயமா, மற்றக் காருக்கு என்ன சேதம் என்று அடுக்கிக்கொண்டு போனாள்.

"நோ, நோ! நோ டமேஜ்! நத்திங்! ஷி வெரி குட்!" இவர் கத்தியது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அப்படியானால் எதற்காக எடுத்தீர்கள், சேர் என்று அவள் குழம்பிப்போய்க் கேட்டாள்.

"டு டெல் யூ," என்றார் என் கணவர்.

கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பற்றி இன்னொருவரிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதையும் இங்கிலிஷில், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு விளங்கியது. சிரித்தாள். மெயின் டிரைவரை மாற்றி விலை பார்த்தபோது அங்கேயும் எகிறியது. நாங்கள் எவ்வளவு காலத்து வாடிக்கை என்று இவர் நினைவூட்டினார். அதற்கு அவர்களிடம் நன்றி மட்டும்தான் இருந்தது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தாள். மேலதிக டிரைவராக இத்தனை வருடம் நான் விபத்தில்லாமல் ஓடியிருக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். புதுக் கொம்பனி அதை ஏற்று ஏழில் நாலு வருடத்தை எனக்குத் தந்தது. அப்படியும் அவர் பேரில் புதுப்பிப்பதைவிடச் சற்றுக் கூடத்தான் வந்தது. "கூடினாலும் பரவாயில்லை. உள்ளதைச் சொல்லிக் கட்டுவம்," என்று அவரே முடித்துவைத்தார்.

கார்த்திகையில் புதிய தாள்கள் வந்தன. முதல் பக்கத்தில் என் பெயர். அவருடையது அதற்குக் கீழே, மேலதிக டிரைவராக. அவர் அதைச் சாமித்தட்டுக்கு முன்னால் ஒரு நாள் வைத்திருந்தார். அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில் இருந்து, வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் கடைசி வரி வரை வாசிப்பது என் பழக்கம். இந்தக் காப்புறுதி எந்தெந்த நாடுகளில் செல்லும் என்று கடைசியில் போட்டிருந்தார்கள். டென்மார்க் இருந்தது. நான் ஒருநாளும் போகப்போகாத நாடுகள் எல்லாம் இருந்தன. இராது என்று தெரிந்துகொண்டே இலங்கையையும் தேடினேன்.

அந்தக் கிழமை ஊரில், சுன்னாகத்தில் இருந்து என் தம்பி தொலைபேசியில் கதைத்தான். பழைய வான் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறானாம்.

"அக்கா, சண்டையும் முடிஞ்சுது, இனியாவது ஒருக்கா வாங்கோவன். வந்தா நீங்கள்தான் வான் ஓட வேணும். லண்டனிலை ஓடுறனீங்கள், உங்களுக்கு இது என்ன பெரிய வேலையே?"

"வாறன்ரா தம்பி. ஆனா அங்கை நீ ஓடு. நான் பக்கத்திலை இருக்கிறன்."

"ஏன், பயமோ?"

பயம் இல்லை. எங்கள் தெருக்களை நான் சைக்கிளில் அறிந்து பல வருடமாகிவிட்டது. எந்த வளைவில் காவலரண் இருக்கிறது, எந்த மதில் இன்னும் நிற்கிறது என்று இப்போது அவனுக்குத்தான் தெரியும். போவேன். அவனுக்கு இடப்பக்கத்து இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இருப்பேன். லண்டனில் ஓடிப் பழகிய என் வலது கால், ஊரின் ஒவ்வொரு திருப்பத்திலும், அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.