வால்டியூப்

என் தங்கை நர்சிங் பரீட்சையின் கடைசித் தாளை எழுத முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான். பஸ் அல்ல, ராகுகாலம் அல்ல. என் சைக்கிளின் பின் சக்கரத்திலிருந்து, காற்றைப் பிடித்து வைக்கும் வால்டியூப்பை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன் நான்.

எழுபதுகளின் கடைசி. வேலூரில் பயிற்சி முடித்து, விடுதியைக் காலி செய்துவிட்டு, திருவூடல் தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து அவள் படித்துக்கொண்டிருந்தாள். தாள்கள் எல்லாவற்றிலும் தேறினால்தான் பெயரைப் பதிவு செய்துகொண்டு நர்ஸாக வேலை பார்க்க முடியும். எங்கள் வீடு ஒரு வார்டாகவே மாறியிருந்தது. கத்தரிக்காய்களுக்கு ஊசி விழுந்தது. படுக்கை விரிப்பின் மூலைகளை அவள் மடித்துச் செருகிய செருகலில், இரவு காலை உள்ளே நுழைக்க நான் போராட வேண்டியிருந்தது. நோயாளி எப்போதும் நான்தான். ஒருநாள் தலையில் முழுக்கட்டோடு நான் உட்கார்ந்திருந்தபோது, அவளுக்கு வந்திருந்த செங்கத்து வரனைப் பற்றிப் பேசத் தரகர் வந்துவிட்டார்.

"மாடிப்படில உருண்டுட்டீங்களா சார்?"

"நம்ம வீட்டுக்கு மாடியே இல்லீங்களே," என்றாள் தங்கை, கட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கியபடி.

தரகர் கொண்டுவந்த சேதி சுருக்கமானது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, நைட் டூட்டி பார்க்கிற பெண் வேண்டாம். தங்கை காதில் வாங்காதவள் போல உள்ளே போய்விட்டாள். அப்பா இல்லாத வீட்டில் நான் பெரியவன். பரீட்சை தவறினால் வேலைப் பேச்சு தானாக அடங்கும், கல்யாணம் நடந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டு, பஞ்சாங்கத்தைக் கேலி செய்துகொண்டு திரிந்த ஆள் நான். அந்தப் பஞ்சாங்கத்தைத்தான் கடைசியில் துணைக்கு அழைத்தேன்.

பரீட்சை வெள்ளிக்கிழமை மதியம், வேலூரில். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிட்டால் எங்கள் அம்மா யாரையும் வாசற்படி தாண்ட விடமாட்டாள். பஸ் ஸ்டாண்டில் நானே சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி வைத்தேன். அவசரமில்லாமல் சவரம் செய்துகொண்டேன். கிளம்பும் நேரத்தில் பின் சக்கரம் தரையோடு படுத்திருந்தது. தெருக்கோடி சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போய், வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பி வந்தேன். அதற்குள் அம்மா குறுக்கே நின்றுவிட்டாள்.

"பத்தரை ஆயிடுச்சு. பன்னெண்டு வரைக்கும் உக்காருடி. பரீட்ச எங்கயும் ஓடிப் போயிடாது."

பரீட்சை ஓடித்தான் போயிற்று. நண்பகலுக்கு மேல் பஸ் ஏறிப் போனவளைத் தேர்வுக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்து, அழாமல் தட்டைக் கழுவி வைத்தாள். அடுத்த வாரமே செங்கத்துக்காரர்கள் வேறு இடத்தில் பாக்கு வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அவளோடு படித்தவர்கள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக, இவள் மறுபடியும் கத்தரிக்காய்க்கு ஊசி போட ஆரம்பித்தாள். குழம்பில் கிடந்த கத்தரிக்காய்த் துண்டுகளை நான் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.

அதே தாளுக்கு அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை வந்தது. நான் லீவு போட்டேன். இரண்டு சக்கரத்துக்கும் கல் மாதிரி காற்றடித்து, சைக்கிளை வாசலில் நிறுத்தினேன். இட்லி வேக நேரமாகி ஒன்பது தாண்டிவிட்டது. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதுக்கே வந்துவிடும். அம்மா பழையபடி வாசலுக்கு வந்தாள்.

"அம்மா, போன தடவ அவ பரீட்ச போனது ராகுவால இல்ல. நான்தான் காத்த எறக்கினேன். வேணும்னுதான் எறக்கினேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சவன் பண்ற வேலையாடா இது," என்று சொல்லி நகர்ந்து வழிவிட்டாள்.

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும்ண்ணா. வால்டியூப்பு உன் சட்டப் பையில இருந்துது. துவைச்சது யாரு, நான்தானே?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். ரொம்ப ஜாஸ்தி நாள் எடுத்துக்கிட்ட. நட, பஸ்ஸு போயிடும்."

சைக்கிளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேரடி வழியாக விறுவிறுவென்று நடந்தாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தேறினாள். அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நைட் டூட்டியைப் பற்றி முகம் சுளிக்காத ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். எண்பதுகளின் நடுவில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது வார்டில் அவள்தான் இருந்தாள். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுனியில் ஒரு சொட்டு வரும்வரை தள்ளினாள்.

"காத்த எறக்கிட்டுத்தான் போடறேன், பயப்படாத," என்றாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. தையல் வலித்தது.

எல்லாம் பேசுவோம், சிரிப்போம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என் சைக்கிளில் ஏறியதே இல்லை. பிறகு நான் ஸ்கூட்டர் வாங்கினேன். கொண்டுபோய் விடட்டுமா என்று இன்றைக்கும் கேட்கிறேன். "ஆட்டோ வருதுண்ணா," என்கிறாள்.