கேட்டுக்கும் பஞ்சிங் மிஷினுக்கும் நடுவில்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், காலை ஷிஃப்ட் ஆறு மணி முதல் இரண்டு மணி வரை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த இடத்தில் ஆறு மணி என்றுதான் போடவில்லை. மெயின் கேட்டில் செக்யூரிட்டி பையைத் துழாவி உள்ளே விட்ட பிறகு, வருகையைப் பதியும் பஞ்சிங் மிஷினுக்குப் பத்து நிமிட நடை.

ஒரு மழை நாளில் அந்தப் பாதையில் கொட்டிக் கிடந்த ஆயிலில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நொண்டிக்கொண்டே எச்.ஆர். அதிகாரியிடம் போனேன். ஏசி அறையில் இருந்த அந்த மேதாவி ஒப்பந்தத்தைப் புரட்டினார்.

"நீ இன்னும் பஞ்சே பண்ணலியேப்பா. டூட்டியே ஆரம்பிக்கல. வெளிய வுழுந்ததுக்கு கம்பெனி இன்னா பண்ணும்?"

காம்பவுண்டுக்குள் விழுந்தவனை ஒரே வாக்கியத்தில் வெளியே போட்டுவிட்டார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

கால் தேறித் திரும்பிய வாரமே, அதே பாதையில் நடந்தபடி ஆரம்பாக்கத்தில் இருக்கும் மனைவியிடம் போனில் பேசினேன். பஞ்ச் பண்ண இன்னும் பாதி தூரம் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, வெளியே போகப் பஞ்ச் பண்ணியவனை அதிகாரி கூப்பிட்டனுப்பினார். மேஜையில் மெமோ இருந்தது: 'பணி நேரத்தில் கைபேசி பயன்படுத்தியமை.'

"சார், அன்னிக்கு நான் வுழுந்தப்ப அது வெளியன்னு சொன்னீங்களே?"

"அது வேற, இது டிசிப்ளின் மேட்டரு. கையெழுத்து போட்டுட்டு கெளம்பு."

கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்: இரண்டு நாற்பது. அவர் அதைப் படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டி, ஃபைலில் போட்டுக்கொண்டார்.