ரோஸ் ஹேண்டில்பார்

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் பீன்யாவில், அலுமினியத்துக்குக் கலர் ஏற்றும் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். அனோடைசிங் என்று அதற்குப் பெயர். பொருளை அமிலத் தொட்டியில் இறக்கி கரண்ட் கொடுத்தால் அதன் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகும். அப்படியே சாயத் தொட்டியில் முக்கினால் சாயம் அந்தத் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் போட்டால் துளைகள் மூடிவிடும். செண்ட் பாட்டில் மூடி, டார்ச் லைட் குழாய், இவைதான் எங்களுக்கு வழக்கமாக வரும்.

ஒரு சனிக்கிழமை, மூடிகளுக்காகக் கலக்கிய ஊதாச் சாயம் மீந்துவிட்டது. சாயத் தொட்டியைப் பார்த்துக்கொண்ட திருப்பத்தூர்க்காரன், "உன் சைக்கிள் சாமானைக் கழட்டிக் குடு மச்சான்" என்றான். என்னுடையது கியர் வைத்த சைக்கிள். ஹேண்டில்பார், பிரேக் லீவர், சீட்டைத் தாங்கும் குழாய் எல்லாமே அலுமினியம். சாயங்காலம் அவை கத்தரிக்காய் நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு வெளியே வந்தன. அன்றைக்கு பீன்யாவில் என்னைத் திரும்பிப் பார்க்காத ஆளே இல்லை என்று நான் நம்பினேன்.

அந்தச் சைக்கிளில்தான் மல்லேஸ்வரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். ஆம்பூரிலிருந்து வந்திருந்த அம்மாவும் தாய்மாமாவும் எனக்கு முன்பே பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். வாசலுக்கு வந்தவர் என்னை ஒரு தடவை பார்த்தார். சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார்.

"பெயிண்ட்டா?"

"இல்லைங்க சார். உலோகத்துக்குள்ளயே ஏத்தின கலர்."

"வெயில்ல போகாதா?"

"போகாதுங்க சார். அலுமினியம் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

என் வேலையைப் பற்றி அவர் கேட்டது அவ்வளவுதான். உள்ளே ஜன்னலோரம் நின்ற பெண், பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவ்வளவு தைரியமா ஒருத்தர் சொன்னா, ஒண்ணு எல்லாம் தெரிஞ்சவரா இருக்கணும், இல்ல ஒண்ணுமே தெரியாதவரா இருக்கணும்னு நினைச்சேன்" என்று கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள். என்ன முடிவுக்கு வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

கல்யாணமான மறுமாதம் மாமனார் தன் பழைய கறுப்புச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். "மாப்ளை, இதுக்கும் போட்டுடுங்க. சிவப்பு." அது முழுக்க இரும்பு. அந்தத் தொட்டியில் போட்டால் கலர் ஏறாது, சைக்கிள்தான் கரையும் என்று விளக்கினேன். அவர் சளைக்கவில்லை. அடுத்த வாரம் அலுமினியத்தில் ஹேண்டில்பாரும் பிரேக் லீவரும் வாங்கிக்கொண்டு வந்தார். குங்குமச் சிவப்பில் செய்துகொடுத்தோம்.

தினமும் காலையில் அவர் நண்பர்களோடு காபி குடிக்கப் போவார். ஹோட்டலுக்கு எதிரே சைக்கிள் வெயிலில் நிற்கும். மழைக்காலம் முடியும்வரை சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது. கோடையில் செங்கல் நிறத்துக்கு வந்தது. அப்புறம் ரோஸ், அதுவும் பல்பொடி ரோஸ். என்னுடைய ஊதா அதற்கு முன்பே வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒருநாள் சீட்டை உயர்த்தியபோது, குழாயில் அதுவரை உள்ளே மறைந்திருந்த பாகம் மட்டும் புதுக் கத்தரிக்காயாக வெளியே வந்தது. மனைவி அதை நிதானமாகப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதான். கலர் போகாது. இருட்டுல."

ஊதா, சிவப்புச் சாயங்கள் பெரும்பாலும் வெயில் தாங்காது, தங்க நிறம்தான் தாக்குப்பிடிக்கும் என்பதைச் சாயம் விற்க வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் அவர்.

காபி நண்பர்கள் மாமனாரைச் சும்மா விடவில்லை. "பேத்தி சைக்கிளா?" என்று கேட்டார்களாம். அவருக்கு அப்போது பேத்தியே கிடையாது. அதிலிருந்து என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதே மகளிடம், "அலுமினியம் தேய்ஞ்சு போச்சான்னு உங்க வீட்டுக்காரரைக் கேளும்மா" என்பார். அவள் என் பக்கம் திரும்பி, "கேட்டுதா?" என்பாள். கேட்டது.

இப்படி இருக்கும்போது மார்க்கெட் வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய சைக்கிள் காணாமல் போனது. மனைவி சொன்னதால் நானும் அவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு என்ன கலர் என்று கேட்டார். மாமனார் கன்னடத்தில் 'கெம்பு' என்று ஆரம்பித்து, ஆனால் இப்போது 'குலாபி' என்று முடித்தார்.

"கெம்போ குலாபியோ, ஒந்து ஹேளி சார்" என்றார் ஏட்டு. சிவப்பா ரோஸா, ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னார். மாமனார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சில நாளில் சைக்கிள் கிடைத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். போனால், அது தன்னுடையது என்று ஓர் ஆள் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். ரோஸ் நிறத்தைப் பார்த்து ஏட்டு அவரை நிறுத்தியிருக்கிறார்.

"கடையில வாங்கினப்பவே ரோஸ்தான் சார்" என்றார் அந்த ஆள்.

ஏட்டு எங்களிடம் அத்தாட்சி கேட்டார். எனக்குச் சட்டென்று என் சீட்டுக் குழாய் ஞாபகம் வந்தது.

"பிரேக் லீவரைக் கழட்டிப் பார்க்கலாம் சார்" என்றேன். "உள்ளே சிவப்பா இருந்தா எங்களுது. கடையிலிருந்தே ரோஸா வந்திருந்தா அங்கேயும் ரோஸாத்தான் இருக்கணும்."

பக்கத்துப் பஞ்சர் கடையில் ஸ்பேனர் வாங்கி வந்தோம். மாமனாரே போல்ட்டைத் தளர்த்தினார். லீவர் நகர்ந்ததும், ஹேண்டில்பாரில் அதன் பிடி இறுக்கியிருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் தெரிந்தது. தொட்டியிலிருந்து அன்றுதான் எடுத்த மாதிரிக் குங்குமச் சிவப்பு. அந்த ஆள் குனிந்து பார்த்தார். தன்னுடையது வேறு சைக்கிளாக இருக்கலாம் என்றார். ஏட்டு அவரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

அதற்குப் பிறகு மாமனாரை நிறுத்த முடியவில்லை. அமிலம், துளை, சாயம், வெயில் எல்லாவற்றையும் ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேருக்கும் கன்னடத்தில் விளக்கினார். வெளியே வெளுக்க வேண்டும், உள்ளே வெளுக்கக்கூடாது, திருடனைப் பிடிக்கவே அப்படி ஓர் ஏற்பாடு என்றார். "நம்ம அளியந்திரு மாடித்து" என்று என்னைக் கைகாட்டினார். எங்கள் மாப்பிள்ளை செய்தது என்று அர்த்தம். ஏட்டு தன் மகன் சைக்கிளுக்கும் போட முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

வெளியே வந்ததும், "மாப்ளை, காபி சாப்பிடலாமா?" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினார். தங்க நிறத்தில் மறுபடி செய்துதருகிறேன், அது போகாது என்றேன்.

"வேண்டாம். கோயில் வாகனம் மாதிரி இருக்கும். இதுவே இருக்கட்டும்."

அன்றிலிருந்து எல்லாவற்றையும் என்னிடமே நேராகச் சொல்ல ஆரம்பித்தார். மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, மிக்ஸி புகைகிறது, எதிர்வீட்டு வேப்பமரம் கம்பியில் உரசுகிறது. மகள் நடுவில் இருந்தபோது பாதியை அவளே வடிகட்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.