பேச்சியக்காவின் கோபம்

கோபக்காரி ஒருத்தி இறந்ததும் அவளைப் பொறுமைசாலியாக்கிவிட ஏன் இத்தனை அவசரம்?

மட்டாஞ்சேரியில் காக்கநாட்டுப் பேருந்துக்காக நின்றபோது பேச்சியக்கா இறந்த செய்தி வந்தது. பள்ளுருத்தி வீட்டில், விடியற்காலையில், மாரடைப்பு. பேச்சியம்மாள் எங்கள் அலுவலகத்தின் துப்புரவுப் பணியாளர். பதினோரு ஆண்டுகள் அதே பேருந்தில் என்னோடு வந்தவர். நான் அங்கே மனிதவளப் பிரிவில் இருக்கிறேன்.

ஒருமுறை அவரை மேற்பார்வையாளராக்கும் பேச்சு எழுந்தது. அதற்கு மனஉறுதியை அளக்கும் படிவம் ஒன்று உண்டு, தயாரித்தவள் நான். கேள்விகளை நானே வாசித்தேன்.

“வேலையில கோபம் வருமா, அக்கா?”

“எப்பவும்.”

“‘சில நேரம்’னு போட்டுக்கலாமே?”

“பொய் எழுதத்தான் இவ்வளவு படிச்சீங்களா, டீச்சரே?” படித்த பெண்களெல்லாம் அவருடைய மலையாளம் கலந்த பேச்சில் டீச்சர்தான். “இஷ்டமுள்ள ஜோலியிலதான் தேஷ்யம், கோபம் எல்லாம் வரும். வேண்டாத ஜோலின்னா நான் எதுக்குச் சண்டை பிடிக்கணும்?”

காரணம் எழுதப் படிவத்தில் இடமில்லை. மதிப்பெண் குறைந்தது. பதவி வேறொருவருக்குப் போனது. கையெழுத்திட்டவள் நான்.

துப்புரவுப் பெண்கள் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உணவுக்கூடம் அவர்களுக்கில்லை என்று எந்த விதியும் சொல்லவில்லை; ஆனாலும் காவலாளி தடுப்பார். மாதந்தோறும் அக்கா மேலாளரிடம் போய்க் கேட்டார். மாதந்தோறும் “பார்க்கலாம்” என்ற பதில்தான். “வேற எடத்துல வேலை பாக்கலாமே” என்றேன். “நான் போனா இவளுங்களுக்காக யாரு சத்தம் போடுவா? நீங்களா?” என்று சிரித்தார்.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர், “கோபமே அறியாதவர், புன்னகையும் பொறுமையுமே அவருடைய பலம்” என்றார். பதினோரு ஆண்டுகளாக அந்த மனிதரின் அறைக் கதவைத் தட்டியது யார்? எழுந்து, “அவர் கோபப்பட்டார், சார். அதனால்தான் இங்கே நிலைத்தார்” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பின்வரிசையில் நின்ற துப்புரவுப் பணியாளர் சாந்தி மட்டும், “அதாக்கும் சத்தியம்” என்றாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் படிவம் ஒன்றுதான். ‘எப்போதும்’ என்பதன் கீழ், அவரே பேனாவை வாங்கிக் காகிதம் கிழிய அழுத்திய கோடு.

மறுநாள் மதியம் சாந்தியும் ஆறு பெண்களும் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு உணவுக்கூடத்துக்குள் வந்தார்கள். காவலாளி, “எங்கோட்டா, எங்கே போறீங்க?” என்றார். “உண்ண, சேட்டா. நீங்களும் வாங்க” என்றாள் சாந்தி. என் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தேன். அவள் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மேலாளர் என்னை அழைப்பதாக ஆள் வந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போனேன்.