துடக்கோடு ஜெனீவா பார்த்தது

ஜெனீவாவுக்குப் போவதென்று முடிவானதும் அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டேன்: முதல் நாள் மட்டும் ஹோட்டலில் தங்குவோம். அம்மா லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எல்லாம் போயிருக்கிறார். ஒரு நகரத்தையும் பார்த்ததில்லை. விமான நிலையத்தில் யாராவது வந்து காரில் ஏற்றுவார்கள். ஒரு வீடு, ஒரு மண்டபம், இன்னொரு வீட்டில் சாப்பாடு, திரும்ப விமான நிலையம். பாரிஸ் எப்படி என்று கேட்டால் அங்கே வாங்கிய சேலையைப் பற்றிச் சொல்லுவார்.

பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. அவருடைய மகளுக்குத்தான் கலியாணம். சகோதரிகள் இருவரும் கொழும்பில் பிரிந்தவர்கள். ஒருவருக்கு சுவிஸ் சரிவந்தது, மற்றவருக்குக் கனடா. அதற்குப் பிறகு நேரில் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது வரும்: விசா, பிரசவம், அப்பாவின் முழங்கால், பிறகு கொரோனா.

நான் மென்பொருள் சோதிக்கிற வேலை பார்க்கிறேன். என்னவெல்லாம் பிழையாகப் போகக்கூடும் என்று முதலில் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வழி வைப்பது என் பழக்கம். மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் அபார்ட்மெண்டில் இருந்து இந்தப் பயணத்தையும் அப்படித்தான் ஒழுங்குசெய்தேன். பெட்டி தொலைந்தால், மழை பெய்தால், அம்மாவுக்குக் கால் வீங்கினால்.

பெரியம்மாவுக்கு ஹோட்டல் பிடிக்கவில்லை. “ஏன், எங்கடை வீட்டில பாய் இல்லையோ?” என்றார் தொலைபேசியில்.

“ஒரு நாள் வெள்ளைக்காரர் மாதிரி ஊர் பாக்கப் போறன் அக்கா. அடுத்த நாள் உன்ரை குசினியிலதான் சமைச்சுக்கொண்டு நிப்பன்” என்றார் அம்மா.

காலையில் போய் இறங்கினோம். ஹோட்டலில் அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது அப்பா மொன்றியலிலிருந்து என்னை அழைத்தார்.

“பிள்ளை, சித்தப்பா மோசம் போட்டார். கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. கலியாணம் முடியட்டும்.”

அப்பாவின் சித்தப்பா நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவர். அவர் இறந்ததால் எங்கள் குடும்பத்துக்குத் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் கோயிலுக்கும் போகக்கூடாது, கலியாண வீட்டுக்கும் போகக்கூடாது. ஆனால் செய்தி காதில் விழாதவருக்குத் துடக்கு இல்லை என்று எங்கள் ஆட்கள் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். கலியாணத்துக்குப் போன ஒருவரிடம் சாவை மறைப்பது பொய்க் கணக்கில் சேராது.

“அப்ப எனக்கு?” என்று கேட்டேன். “நான் கேட்டிட்டனே.”

“உனக்குத்தான் உதிலையெல்லாம் நம்பிக்கை இல்லையே” என்றார் அப்பா.

ரோமிங் சரிவரவில்லை என்று சொல்லி அம்மாவின் கைபேசியை வாங்கி என் பைக்குள் போட்டேன். ஏரிக்கரைக்குப் போனோம். நல்ல வெயில். தண்ணீர் கடும் நீலமாக இருந்தது. கரையோரம் அன்னங்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் பாண் துண்டுக்கு வந்தன. அம்மா விறுவிறுவென்று நடந்தார், கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தார், எதிரே வந்த எல்லோருக்கும் ‘போன்ஜூர்’ சொன்னார். “ஐநா, ஐநா எண்டு சனம் வந்து கத்திறது இந்த ஊரிலையோ? எவ்வளவு அமைதியாக் கிடக்கு!” என்றார். அவர் இப்படி வேலையில்லாமல் நடந்து நான் பார்த்ததில்லை. நான் என் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஏரிக்குள்ளிருந்து வானத்துக்குப் பாயும் பெரிய நீர்த்தாரை வந்ததும் அம்மா நின்றுவிட்டார். “இதைக் கொப்பாவுக்குக் காட்ட வேணும்.”

“அப்பா நித்திரையா இருப்பார்.”

“அந்தாள் இவ்வளவுக்கும் எழும்பித் தேத்தண்ணி குடிச்சிருக்கும்.” என் பையைத் திறந்து தன் கைபேசியை எடுத்துவிட்டார். நான் அப்பாவுக்குச் செய்தி தட்டத் தொடங்குவதற்குள் அவர் முகம் திரையில் வந்துவிட்டது. அம்மா அழைத்தால் உடனே எடுத்துவிடுவது அப்பாவின் நெடுநாள் பழக்கம். அன்றைக்கும் எடுத்தார்.

“இஞ்சாருங்கோ, தண்ணியைப் பாருங்கோ!” என்று கைபேசியை உயர்த்திய அம்மா, பிறகு கீழே இறக்கித் திரையை உற்றுப் பார்த்தார். “எங்கை நிக்கிறியள்? அது கர்க்லாண்ட் வீடல்லோ?”

கர்க்லாண்ட் வீடு என்றால் சித்தப்பாவின் மகன் வீடு.

“ஓம், சும்மா வந்தனான்.”

“சும்மா வந்த வீட்டில செற்றியை ஏன் வெளியில எடுத்து வைச்சிருக்கினம்?”

அப்பா திரும்பிப் பார்த்தார், அந்தச் சோபா வெளியே இருப்பதை அப்போதுதான் கண்டவர் போல. அவருக்குப் பின்னால் யாரோ மடக்குக் கதிரைகளை அடுக்கிக்கொண்டு போனார்கள். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கத்தான் எங்கள் ஆட்கள் இப்படிச் சோபாவை எடுத்துவிட்டுக் கதிரை போடுவார்கள்.

“மாமா போட்டாரோ?” என்று அம்மா மெதுவாகக் கேட்டார். அப்பாவின் சித்தப்பா அம்மாவுக்கு மாமா முறை. அப்பா கைபேசியை வேறு பக்கம் திருப்பினார்.

அம்மா கரையில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். “உனக்கு எப்ப தெரியும்?” என்றார் என்னிடம்.

“காலையில.”

“மறைக்கிறதெண்டால் ஒழுங்கா மறைக்கத் தெரிய வேணும்” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

நான் வாதாடிப் பார்த்தேன். அப்பாவையும் என்னையும் தவிர இங்கே ஒருவருக்கும் தெரியாது என்றேன். “எனக்குத் தெரியுமே” என்றார். அம்மா பெரியம்மாவை அழைத்துச் சொன்னதும் அவரும் என்னைப் போலவே சொன்னார்: “நீ கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு வா.”

“கேட்டாச்சே அக்கா. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் எனக்குத்தான் மனம் அடிக்கும்.”

என்னிடம் இருந்த மாற்று வழிகளில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. பகுத்தறிவாகப் பேச என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அம்மா பயந்தது தனக்காக அல்ல, கலியாணப் பெண்ணுக்காக.

பொழுதுபட முன்னர் பெரியம்மா ஏரிக்கரைக்கு வந்தார். டிராமிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். சட்டை விளிம்பில் பலகார மா ஒட்டியிருந்தது. “பூ விசாரிக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

அம்மா எழுந்து வாங்கின் பின்பக்கம் போய் நின்றார். “அங்கினையே நில் அக்கா. கிட்ட வராதை.”

“வெளி இடத்தில என்ன துடக்கு?”

“தொட்டால் துடக்குத்தானே.”

பெரியம்மா நின்றார். இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள்.

“மெலிஞ்சு போனாய்” என்றார் பெரியம்மா.

“நீ எனக்கும் சேத்து வைச்சிருக்கிறாய்.”

பெரியம்மா சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்தார். “தலை தோய்ஞ்சுபோட்டுத்தானே வீட்டுக்குள்ளை போகப் போறன். ஒருக்கா வா.”

“உன்ரை சம்பந்தி அறிஞ்சால்?”

பெரியம்மா எடுத்து வைத்த காலைத் திரும்ப வைத்தார். கலியாணம் முடிந்தபின் அந்த வீட்டில் வாழப் போவது அவருடைய மகள்.

நான் படம் எடுக்கக் கைபேசியை உயர்த்தினேன். நாயோடு வந்த ஒரு முதியவர், என்னையும் சேர்த்து எடுத்துத் தருவதாகச் சொல்லி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நான் வாங்கின் முன்னால் போய் நின்றேன். இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று பிரெஞ்சில் சொல்லிக் கையால் காட்டினார். சண்டையா என்று சிரித்துக்கொண்டு கேட்டார். சிறுவயதிலிருந்து படித்த பிரெஞ்சு அது. ஒரு சொல்லும் தடங்கவில்லை. ஆனால் இந்த இடைவெளிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று. கடைசியில் அவர் கைபேசியைக் குறுக்காகத் திருப்பி, எல்லோரும் அடங்குகிற மாதிரி எடுத்துத் தந்தார்.

பெரியம்மாவின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் தேடுகிறார்கள். “வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். டிராம் ஏறும்வரை அம்மா வாங்கின் பின்னாலேயே நின்றார்.

“நாளைக்கு எங்கை போறம்?” என்று கேட்டார் பிறகு.

நாளைக்கும் மறுநாளைக்கும் நான் ஒன்றும் ஒழுங்குசெய்திருக்கவில்லை. கலியாண வீட்டில் நிற்பதாகத்தான் இருந்தது. கப்பல் இருக்கிறது, ஏறினால் அக்கரைக்குப் போய் வரலாம் என்று சொன்னேன். “சரி” என்றார் அம்மா, அக்கரையில் என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்காமல்.