காலி வீதியில் ஒரு பனிக்கால ஒத்திகை

உடுப்பு எவ்வளவு தடிப்போ, பிள்ளைக்கு அவ்வளவு பாதுகாப்பு என்று நம்பிய விசரன் நான். கனடா விசா கிடைத்து, கொழும்பு வெள்ளவத்தையில் அறையெடுத்து, விமானத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்தில் செல்குண்டு மழைக்குள் தோசை தின்ற எனக்கு, பார்த்தறியாத பனிதான் பெரிய எதிரியாகப் பட்டது. இரண்டரை வயது மகள் அங்கே கார் ஏறியதும் விறைத்துப்போவாள் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன்.

மனைவியின் தம்பி கனடாவிலிருந்து குளிர் ஜக்கெட் அனுப்பியிருந்தான். தங்கள் நாட்டுக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்காரக் குடும்பமொன்றிடம், காரில் பிள்ளையை இருத்திக் கட்டும் இருக்கை வாங்கினேன். ஓட்டோவில் மடியிலிருந்தே வளர்ந்தவள், கட்டினால் கத்துவாள். ஆகவே ஒத்திகை.

தம்பி தொலைபேசியில் சொன்னான்: "ஜக்கெட்டோடை கட்டாதேங்கோ அத்தான். கழட்டிப்போட்டு பெல்ட்டை நெஞ்சோடை இறுக்குங்கோ. பிறகு மேலாலை போர்வையைப் போடுங்கோ."

"அவன் சொல்லுறதைக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"உன்ரை தம்பிக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை. பிள்ளையைக் கட்டப் படிப்பிக்கிறார்."

பாமன்கடையில் இருந்த நண்பனின் பழைய காரில் பின்சீற்றுக்குப் பட்டியே இல்லை. உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிற்றால் இருக்கையைக் கட்டினேன். மகளுக்கு ஜக்கெட்டை மாட்டி, அதற்கு மேலே பிள்ளை இருக்கையின் பட்டியை இழுத்துப் பூட்டி, பக்கத்தில் நான் இருந்துகொண்டேன். கொழும்பு வெயிலில் பூசணிக்காய் மாதிரி ஊதிப்போய் வியர்த்தாள். நண்பன் ஓட்ட, காலி வீதியால் கல்கிசைப் பக்கம் புறப்பட்டோம்.

தெஹிவளையில் சோதனைச் சாவடி தெரிந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஊதின சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டி, தமிழ்ப் பிள்ளை. தற்கொலைக் குண்டு என்று நினைத்து இராணுவத்தான் சுட்டால்?

"மெல்லப் போ மச்சான், இதைக் கழட்டவேணும்."

"விசரே உனக்கு? அவங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள், சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. ஓடும் காரிலேயே பூட்டைத் திறந்து, ஜக்கெட்டை உரித்து என் காலடியில் ஒளித்தேன். பட்டியைத் திரும்பப் பூட்டினேன், இறுக்கவில்லை. ஜக்கெட் இருந்த இடம் முழுக்க இப்போது வெறும் காற்று. இராணுவத்தான் கையை உயர்த்தினான். நண்பன் பிரேக்கை மிதித்தான்.

கயிறு அசையவில்லை. இருக்கை அசையவில்லை. மகள் மட்டும் பட்டிக்குள்ளால் வழுக்கி வந்து முன்சீற்றின் இரும்பில் வாயை அடித்துக்கொண்டாள்.

இராணுவத்தான் குனிந்து, இரத்தம் வழிந்த அவள் வாயைப் பார்த்தான். அடையாள அட்டையோடு நீட்டிய என் கையைத் தள்ளிவிட்டு, "யன்ன, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லி, தடைப் பீப்பாயைத் தானே உருட்டி வழிவிட்டான்.

எங்களை ஒருவரும் சோதிக்கவில்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் மகளின் மேலுதட்டுக்கு மூன்று தையல் போட்டார்கள்.