எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட வெள்ளை ஜல்லி

எண்பதுகளில் நான் நெடுஞ்சாலைத்துறையில் ரோடு கூலி. திண்டிவனம்–மரக்காணம் ரோட்டில், பெருமுக்கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊருக்குப் பிரியும் கிளைச் சாலையில் முதல் ஒன்றரை மைல் என் பொறுப்பு. பள்ளம் மூட, ஓரத்துப் புல் செதுக்க, மழைத்தண்ணியை வெட்டிவிட நான் ஒருத்தன்தான். ஒன்றரை மைல் முடியும் இடத்தில் ஒரு எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் துறையின் சாலை. அந்தப் பக்கம், ஊர் வரைக்கும் இரண்டு மைல், ஊராட்சி ஒன்றியத்தின் சாலை. எங்கேயோ மேஜைமேல் வரைபடத்தை விரித்து யாரோ பிரித்தது. நடக்கிறவன் காலுக்கு அந்தப் பிரிவு தெரியாது.

கல்லைத் தாண்டிப் பத்தடியில் ஒரு சிறுபாலம். ஒரு வருஷம் ஐப்பசி மழையில் அதன் ஓரம் கரைந்து, வண்டிச் சக்கரம் பாதி இறங்கும் பள்ளம் விழுந்தது. ஒன்றியத்தில் கேட்டோம். பாலம் கட்டியது நெடுஞ்சாலைத்துறை, அங்கே போங்கள் என்றார்கள். எங்கள் ரோடு இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். கல்லைத் தாண்டிவிட்டது, நமக்குச் சம்பந்தமில்லை என்றார். தை பிறந்தும் பள்ளம் அப்படியே கிடந்தது.

ஊருக்கு இருந்தது ஒரே டவுன் பஸ். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஒரு வெள்ளிக்கிழமை டிரைவர் என்னிடம் வந்து, இப்படியே இருந்தால் செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லைக்கல்லிலேயே திரும்பிவிடுவேன், அச்சு முறிந்தால் நானா பதில் சொல்வது என்றார். அவர்மேல் தப்பில்லை.

என் மகள் அப்போது திண்டிவனத்தில் பத்தாவது படித்தாள். வயசுப்பெண் சவுக்குத்தோப்பு வழியாக இரண்டு மைல் நடக்க வேண்டாம், பஸ் நின்றால் படிப்பும் நிற்கட்டும் என்று என் மனைவி முடிவாகச் சொன்னாள். மகள் என் மண்வெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீ ரோடு ஆளுதானப்பா? யாரு ரோட்டுக்கு?"

மறுநாள் பட்டப்பகலில் போனேன். கரம்பில் கிடந்த கருங்கல்லைப் போட்டேன், செம்மண் கொட்டினேன், தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினேன். மேலுக்கு ஜல்லி இல்லாமல் நிற்காது. என் பகுதியில் துறையின் ஜல்லி அளந்து குவித்திருந்தது. அளந்த குவியலின் தலையில் சுண்ணாம்புத் தண்ணியால் கோடு போட்டுவிடுவோம். எவனாவது ஒரு கூடை அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுக்கும். நான் மேலாக நான்கு கூடை அள்ளினேன். பிறகு குவியலைச் சீர்படுத்தி, சுண்ணாம்பு கரைத்து, புதுக்கோடு போட்டேன். பயமில்லாமல் செய்தேன் என்று சொன்னால் பொய்.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். குவியலை ஒரு பார்வை பார்த்துத் தாண்டிப் போனவர் பாலத்தருகே இறங்கினார்.

"யோவ், கல்லுக்கு அந்தாண்ட இன்னாயா வெள்ள வெள்ளயா இருக்குது?"

அப்போதுதான் பார்த்தேன். பழைய கோட்டுச் சுண்ணாம்பு ஒட்டின ஜல்லியை அப்படியே பள்ளத்தின் மேலே பரப்பியிருக்கிறேன். குவியலுக்குக் கோடு போடத் தெரிந்தவனுக்கு ஜல்லியைத் திருப்பிப் போடத் தெரியவில்லை.

அத்தனையையும் தோண்டி எடுத்துக் குவியலில் போடு என்றார். அதற்குள் பஸ் வந்து பின்னால் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். எனக்குள் இருந்த பயம் அந்த இடத்தில் எரிச்சலாக மாறியது.

"நான் தோண்ட மாட்டேன் சார். கடப்பாரை அதோ கெடக்குது. நீங்க வேணா தோண்டிக்கிங்க."

"வேல போயிடும்யா."

"போவட்டும் சார். மொதல்ல அந்தாண்ட நவுருங்க, பஸ்ஸு நின்னுக்கினு கீது."

அவர் கடப்பாரையைப் பார்த்தார். தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரம் போனார். பஸ் குலுங்காமல் பாலத்தைக் கடந்தது. அரைமணி கழித்து ஊரிலிருந்து அது திரும்பி வந்தபோது ஜன்னலோரம் என் மகள் இருந்தாள். அன்றைக்கு ஏதோ பரீட்சை. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எனக்கு மெமோ வந்தது. துறைப் பொருளை எல்லைக்கு வெளியே பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டார்கள். "எடுத்தேன், போட்டேன், பஸ் போகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மன்னிப்பு என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்க்கவில்லை. என்னை விழுப்புரத்தைத் தாண்டி வளவனூர்ப் பக்கம் மாற்றினார்கள். மகள் அந்த வருஷம் பத்தாவது முடித்தாள்.

வளவனூரில் எனக்குக் கொடுத்த பகுதியின் கடைசியிலும் ஒரு எல்லைக்கல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே, அதற்கு அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கிறது என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.